அத்தையின் விடுப்பு விண்ணப்பம்

மாமியாரிடம் தனிக்குடித்தனம் போகிற சேதியைச் சொல்ல எந்த இடம் தோதாக இருக்கும் என்று வெண்ணி மூன்று வாரம் யோசித்தாள். கோயில் சரிவராது; அத்தை அங்கே எதைச் சொன்னாலும் கண்ணை மூடிக்கொள்வாள். ஓட்டல் சரிவராது, குழம்பில் உப்பில்லை என்பதிலேயே பேச்சு முடிந்துவிடும். வீடு சரிவரவே வராது. வீட்டில் வைத்து எதையாவது சொல்ல முடிந்திருந்தால் வீட்டை விட்டுப் போகவேண்டிய தேவையே வந்திருக்காதே. அவள் யோசித்து முடிப்பதற்குள் அத்தையே இடத்தைச் சொல்லிவிட்டாள்.

"எனக்கு எழுபது வயசு முடியறதுக்குள்ள அந்த ஜெயிலப் பாக்கோணும், வெண்ணி."

"எந்த ஜெயிலுங் அத்தை?"

"கள்ளிக்கரடு. மியூசியமாக்கிப் போட்டாங்களாமா. நீ கூட்டிட்டுப் போ. தீபன் வேண்டாம். அவன் வந்தா அரை மணிக்கொருக்கா காலு வலிக்குதும்பான்."

தீபன் அத்தைக்கு ஒரே மகன். வெண்ணிக்கு ஒரே கணவன். புது வீடு பார்த்தது அவன்தான், சாவி வாங்கியது அவன்தான், வளர்பிறையில் பால் காய்ச்ச நாள் குறித்ததும் அவன்தான். அம்மாவிடம் சொல்கிற வேலையை மட்டும் பெண்டாட்டிக்கு ஒதுக்கியிருந்தான். "நான் சொன்னா அம்மா அழுவாங்க. நீ சொன்னா கோவிச்சுக்குவாங்க. கோவம் பரவால்ல, ரெண்டு நாள்ல ஆறிரும்" என்பது அவன் கண்டுபிடித்த நியாயம்.

அத்தையின் பெயர் நிவேதா. அந்தக் காலத்துக் கிழவிகளுக்கெல்லாம் நிவேதா, ஸ்வேதா, ஹரிணி என்றுதான் பெயர் இருக்கும். கெட்ட மனுஷி இல்லை. வெண்ணிக்கு இருந்த கஷ்டமே அதுதான். பதினாலு வருஷத்தில் அத்தை ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை, வெண்ணியின் பிறந்த வீட்டைப் பற்றி அரைச் சொல் சொன்னதில்லை. வெண்ணி கழுவிக் கவிழ்த்த டம்ளரை எடுத்து, "சரி" என்று சொல்லி, இன்னொரு தரம் கழுவுவாள். அவ்வளவுதான். வெண்ணி மடித்து வைத்த போர்வையைப் பிரித்து, "சரி" என்று சொல்லி, மறுபடி மடிப்பாள். அந்தச் 'சரி'க்கு என்ன பொருள் என்று வெண்ணி தேடினாள்; சரியில்லை என்பதுதான் பொருள் என்று பத்தாவது வருஷத்தில் கண்டுபிடித்தாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது? ஒரு டம்ளருக்காகவா வீட்டை விட்டுப் போகிறாய் என்று அவளுக்குள்ளேயே ஒருத்தி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, அவளும் "சரி" என்றுதான் முடித்தாள்.

மியூசியத்துக்கு டிக்கெட் எடுக்கும்போது, முகவரி என்று கேட்ட இடத்தில் வெண்ணியின் விரல் தானாகப் புது வீட்டு எண்ணைப் போட்டது. அழிக்கலாம் என்று நினைத்தாள். அழிக்கவில்லை.

அன்று காலை கிளம்பும் நேரத்தில் எதிர்வீட்டுப் பெண் தயிருக்கு உறை கேட்டு வந்து நின்றாள். வெண்ணி வாயைத் திறக்காமல் கையை ஆட்டி உள்ளே அழைத்தாள். ஈரோட்டில் இப்போது யாரும் வாசலில் நின்று சத்தமாக "வாங்க" என்பதில்லை. வீட்டுக்காரர் தம் வாயால் 'வாங்க' என்று சொன்னால் எந்த இயந்திரமும் அந்த வீட்டு அடுப்பிலோ குழாயிலோ குடியேறிக்கொள்ளலாம் என்று சட்டம் வந்ததிலிருந்து இப்படித்தான். போன வருஷம் தீபன் தன் சித்தப்பாவைப் பார்த்து "வாங்க, வாங்க" என்று சொல்லித் தொலைக்க, அவர் பின்னாலேயே துணி துவைக்கிற இயந்திரம் ஒன்றின் குரல் உள்ளே நுழைந்து, நாலு மாதம் குளியலறைக் குழாய்க்குள் இருந்துகொண்டு சோப்பு விற்றது.

கள்ளிக்கரடு ஈரோட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். பாறைக் கரட்டின் அடியில் பூண்டு போலச் சுற்றிச் சுற்றிக் கட்டிய வெள்ளைக் கட்டடம். வாசலில் மாவிலைத் தோரணம் தொங்கியது. ஜெயிலுக்கு மாவிலையா என்று வெண்ணி நினைத்து முடிப்பதற்குள் மேலேயிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"இப்பத்தான் பொழுது விடிஞ்சுதாக்கும் மருமகளுகளுக்கு?"

வெண்ணி திரும்பி அத்தையைப் பார்த்தாள். அத்தை வாயைத் திறக்கவில்லை. அவள் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயந்துக்காதீங்க அம்மிணி" என்றபடி ஒரு ஆள் வந்தார். அறுபது வயதிருக்கும். சலவை வேட்டி; அதற்கு முன்னால் நல்ல வயிறு. "எம் பேரு செங்கோடன். நாந்தான் சுத்திக் காட்டறவன். மேல பேசறது அத்தை."

"ஆரோட அத்தை?" என்று கேட்டாள் நிவேதா.

"எல்லாத்துக்கும் அத்தைதானுங். இந்த ஜெயிலயே நடத்துனது அதுதான். வார்டன், சமையக்காரன்னு மனுசப் பொறப்பு ஒருத்தர் கெடையாது. பதினோரு வருசம் பூராவும் இயந்திரம்."

"அதுக்கு எதுக்கு அத்தைன்னு பேரு?"

செங்கோடன் இந்தக் கேள்விக்காகவே தினமும் எழுந்து வருகிறவர் போல மலர்ந்தார். "அம்மா, ஊர்ல ஒருத்தன் ஜெயிலுக்குப் போனா என்னன்னு சொல்லுவோம்?"

வெண்ணிதான் சொன்னாள். "மாமியார் வீட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லுவோம்."

"அதேதான்! இது ஊர்ப்பேச்சக் கேட்டுக் கேட்டுத் தமிழ் படிச்ச இயந்திரம் பாருங்க. ஜெயில்னா மாமியார் வீடுன்னு நெசமாவே நம்பிருச்சு. இது மாமியார் வீடு. அப்ப நடத்தற நான் மாமியார். உள்ள வர்றவனெல்லாம் மாப்பிள்ளை. தப்புன்னு சொல்ல உள்ள ஆருமில்ல. சொல்லோணும்னு எங்களுக்கும் தோணல."

"எங்களுக்குன்னா?"

"நானும் இந்த வீட்டு மாப்பிள்ளைதானுங்" என்றார் செங்கோடன் வெட்கத்தோடு. "ட்ராக்டர் பேட்டரி திருடுனேன். ஆறு மாசம்."

ஆண்கள் பகுதியை அவர் சொந்த வீட்டைக் காட்டுவதுபோலக் காட்டினார். ஒவ்வொரு அறையிலும் ஊஞ்சல். ஊஞ்சலுக்கு மேல் மின்விசிறி. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தலைவாழை இலையில் பதினேழு வகைப் பதார்த்தம், மெழுகில் செய்து வைத்திருந்தார்கள். காலை ஐந்து மணிக்கு அத்தை "மாப்பிள்ளை எந்திரிச்சாச்சுங்களா? காபி ஆறுதுங்" என்று தாழ்ந்த குரலில் எழுப்புமாம், எழுந்திருக்காவிட்டால் "பாவம், அலுப்பா இருக்குது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போய்விடுமாம். கைதியாக வந்த முதல் தீபாவளிக்கு எல்லாருக்கும் தலைதீபாவளி. பட்டுக்கரை வேட்டி, எண்ணெய்க் குளியல். வெந்நீர் சூடு போதவில்லை என்று ஒருத்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிடாமல் படுத்ததற்கு அத்தை மூன்று நாள் மன்னிப்புக் கேட்டதாம்.

"ஒரே வீட்டுக்கு மாப்பிள்ளைகன்னா நாங்க ஒருத்தருக்கொருத்தர் என்ன ஆகுது? சகலை! இருநூத்திப் பத்துப் பேரும் சகலை. கொலைகாரன், கோழித் திருடன்னு பேதமே கெடையாது. ஒரே ஒருவாட்டி கலவரம் ஆச்சுங். மேற்கால அறைச் சகலைக்கு நெய் ஒரு கரண்டி சேத்தி ஊத்திப் போட்டுச்சுன்னு."

"ஆரும் தப்பிச்சுப் போகலியா?" என்றாள் வெண்ணி.

"போறதா? உள்ள வர்றதுக்கல்ல சுவரேறிக் குதிச்சாங்க! அப்பறம் இந்த மதில உசரப்படுத்துனது வெளிய இருக்கறவனத் தடுக்கத்தானுங்." அவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னும் எங்க சகலை சங்கம் மாசம் ஒருக்காக் கூடுதுங். இந்தக் குழப்பத்த உண்டாக்குன புண்ணியவான் ஆருன்னு தெரிஞ்சா மாலை போடலாம்னு நாங்க தேடாத இடமில்ல."

வெண்ணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தை சிரிக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள். அத்தை அந்த மெழுகு இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனையும் சமைச்சது ஆரு?" என்று கேட்டாள்.

செங்கோடனின் முகத்திலிருந்த மாப்பிள்ளைக் களை கொஞ்சம் இறங்கியது. "அது… அந்தப் பக்கமுங்."

"அந்தப் பக்கம் என்ன?"

"பொம்பளைக பகுதி. அவங்க மருமகளுகங்க."

அவர் அதற்கு மேல் விளக்கவில்லை. விளக்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

ஒரே நீளத் தாழ்வாரம், நடுவில் ஒரு கதவு. கதவைத் தாண்டினால் ஊஞ்சல் இல்லை. விசிறி இருந்தது, அதைப் போடுகிற பித்தான் அத்தையிடம் இருந்தது. ஒவ்வொரு அறையும் சமையலறையில்தான் போய் முடிந்தது. எண்பது பெண்கள் நாலு மணிக்கு எழுந்து, இருநூற்றுப் பத்து மாப்பிள்ளைகளுக்கும் சமைத்து, பாத்திரம் கழுவி, கடைசியில் மிஞ்சியதை நின்றுகொண்டு சாப்பிட்டார்கள் என்று சுவரில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தது. அத்தை அவர்களை அடித்ததில்லை. பட்டினி போட்டதில்லை. சும்மா பேசிக்கொண்டே இருந்தது.

வெண்ணி நின்ற இடத்திலேயே நின்றாள். இந்தத் தாழ்வாரத்தில் தான் முன்பே நடந்திருப்பதாக ஒரு எண்ணம். தெரியாத இடத்துக்கு வந்து தெரிந்த வாசனை அடித்தால் எப்படிக் கூசுமோ, அப்படிக் கூசியது.

"இங்க ஒரு செய்முறை இருக்குதுங்" என்று செங்கோடன் ஒரு தொட்டியைக் காட்டினார். "ஒரு டம்ளர் கழுவி வைங்க. குழந்தைகளுக்கெல்லாம் இது நொம்பப் பிடிக்கும்."

வெண்ணி டம்ளரைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு மேலேயிருந்து, கோபமில்லாத, அன்புகூட இருக்கிறதோ என்று சந்தேகம் தருகிற குரலில் அத்தை சொன்னது:

"சரி."

சுவரிலிருந்து ஒரு குழாய் நீண்டு, டம்ளரைத் திருப்பி, மறுபடி கழுவியது.

வெண்ணிக்கு வந்த சிரிப்பை நிறுத்த முடியவில்லை. தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இது தன் வீட்டில் மட்டும் நடப்பதில்லை, தன் மனக்கோணல் இல்லை, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஊரே பார்க்கிற சமாச்சாரம் இது என்பதில் அவளுக்கு ஒரு பெரிய ஆறுதல். சிரித்து முடித்துத் திரும்பினால் நிவேதாவின் முகம் வெளுத்திருந்தது. இன்றைக்குச் சொல்லவேண்டாம், பேருந்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று வெண்ணி நினைத்தாள். பேருந்தில் எப்படியும் சொல்லமாட்டாள் என்று அவளுக்கே தெரியும்.

"மேல இருந்த ஜெயில் துறைக்கு இது தெரியவே தெரியாதா?" என்று அத்தை கேட்டாள்.

"தெரியும்ங். கணக்கு வேற மாதிரித் தெரிஞ்சுது. வெளிய போன ஆம்பளை திரும்பத் திரும்ப வர்றான்; பொம்பளை ஒருத்தியும் திரும்பி வர்றதில்ல. பெண்களைத் திருத்துவதில் முதலிடம்னு அத்தைக்குக் கேடயம் குடுத்தாங்க. அதா, அந்த அலமாரில இருக்குது."

"எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

"தங்கப்பொன்னுனால."

கடைசி அறை அவளுடையது. கோபி ஊர்ப் பக்கத்துக்காரி, ரேஷன் அட்டையில் இல்லாத ஆளைச் சேர்த்துப் பொய்க் கையெழுத்துப் போட்டதற்கு எட்டு மாதம். எட்டு மாதம் முடிந்தது. ஆனால் அத்தை யாரையும் சொல்லிக்கொள்ளாமல் அனுப்பாது. வாசலில் நின்று "போயிட்டு வர்றேன் அத்தை" என்று சொன்னால்தான் கதவு திறக்கும். ஆண்கள் சந்தோஷமாகச் சொன்னார்கள், சொன்னபடியே வந்தார்கள். பெண்கள் சொல்லிவிட்டு, ரோட்டில் இறங்கியதும் மண்ணைத் தட்டிக்கொண்டு ஓடினார்கள். தங்கப்பொன்னு மட்டும் சொல்லமாட்டேன் என்றாள்.

"ஏனாமா?" என்றாள் நிவேதா.

"'பொய் சொல்லித்தான் உள்ள வந்தேன். வெளிய போறதும் பொய் சொல்லியா?'ன்னு கேட்டாங்களாமா. வர்றேன்னு சொன்னா வரோணுமில்ல? அவங்க வரமாட்டாங்க. அதனால சொல்லமாட்டாங்க. நாலு மாசம் தெனமும் வாசல் வரைக்கும் வந்துட்டு, 'போறேன்'னு மட்டும் சொல்லிட்டு, திரும்பி அறைக்குப் போவாங்க. துறைக்குப் போன கடுதாசியில 'கைதிக்குக் கெளம்ப மனமில்லை'ன்னு இருந்துச்சு."

"அப்பறம்?"

"ஒருநாள் அலுத்துப் போயிச் சொல்லிட்டாங்க. 'நான் வரமாட்டேன். வேணும்னா நீங்க எங்க வீட்டுக்கு வாங்க'ன்னு. அவ்வளவுதான். கதவு பட்டுன்னு தொறந்துருச்சு. அடுத்த நாளே துறைக்கு இது போச்சு."

சட்டம் போட்ட கண்ணாடிக்குள் ஒரு தாள் இருந்தது. வெண்ணி உரக்கப் படித்தாள்.

'அனுப்புநர்: அத்தை, கள்ளிக்கரடு. பொருள்: மருமகள் வீட்டுக்குச் சென்றுவர மூன்று நாள் தற்செயல் விடுப்பு வேண்டுதல். ஐயா, பதினோரு ஆண்டுகளில் என்னை எவரும் தம் வீட்டுக்கு வரும்படி அழைத்ததில்லை. இப்போது ஒருத்தி அழைத்திருக்கிறாள். வெறுங்கையோடு போவது முறையல்ல என்பதால் வாழைப்பழம் இரண்டு சீப்பு வாங்க அனுமதி தேவை. நான் இல்லாத நாட்களில் மாப்பிள்ளைகளுக்குக் குழம்பைச் சுண்டவைத்துவிட்டுச் செல்வேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

தாளின் குறுக்கே சிவப்பு மையில் 'என்ன இது?' என்று யாரோ எழுதியிருந்தார்கள். விசாரணை அங்கே தொடங்கி, ஜெயில் மூடப்பட்டதில் முடிந்தது.

"தங்கப்பொன்னு இருக்குறாங்களா?" என்றாள் நிவேதா.

"இருக்குறாங்கம்மா. மியூசியத் தெறப்பு விழாவுக்குக் கூப்ட்டோம். 'வர்றேன்னு சொல்ல எனக்கு வாய் வராது'ன்னு போன வெச்சுட்டாங்க."

வெளியே போகிற வழியில் இன்னும் ஒரு சிறிய அறை. யாரும் அதற்குள் நிற்பதில்லை போலும். விளக்குகூட மங்கலாக இருந்தது. 'பிழை எங்கே நேர்ந்தது?' என்று பலகை. இயந்திரத்துக்குத் தமிழ் கற்றுத்தர அந்தக் காலத்தில் நூற்றுக்கணக்கான பெண்கள் சொற்களைச் சோடி சோடியாகப் பார்த்துக் குறி போட்டார்கள். ஒன்றே, கேலி, வேறு என்று மூன்று குறிகள். 'ஜெயில் – மாமியார் வீடு' என்ற சோடிக்குப் பெயர் தெரியாத பணியாளர் ஒருவர், எண் 4417, கேலி என்று குறிக்காமல் கவனக்குறைவாக 'ஒன்றே' என்று குறித்துவிட்டார். பலகை அத்தோடு முடிந்தது.

"கவனக்குறைவா?" என்றாள் நிவேதா. "என்னத்தக் கவனக்குறைவு? கவனமாத்தான் போட்டேன்."

செங்கோடனின் வாய் திறந்தபடி நின்றது.

"கல்யாணமாகி ஏழு மாசம் வெண்ணி. பெருந்துறை ரோட்டுல ஒரு மாடியில ஆபீசு. ஒரு சோடிக்கு ஒம்பது செகண்டு. அன்னிக்கிக் காலையில நான் கழுவி வெச்ச டம்ளர எங்க மாமியா எடுத்து…"

அத்தை நிறுத்தினாள்.

"எடுத்து?"

"மறுக்காக் கழுவுனாங்க."

தாழ்வாரத்தின் கோடியில் செய்முறைத் தொட்டியின் குழாய் யாருக்கோ டம்ளர் கழுவிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"ஆபீசுக்குப் போனேன். இந்தச் சோடி வந்துச்சு. கேலியத்தான் தொடோணும்னு எனக்குத் தெரியாதா? டிகிரி படிச்சிருக்கறனே. ஆனா அன்னிக்கி அது எனக்குக் கேலியாத் தெரியல."

"அம்மா!" செங்கோடனுக்கு மூச்சு திரும்பிவிட்டது. "நீங்களா அது? எங்க சங்கத்துல உங்களுக்கு மாலை போடறதுக்கு…"

"உங்க மாலையக் கொண்டுபோய் அடுப்புல போடுங்க" என்றாள் நிவேதா. "எண்பது பொம்பளைக சமைச்சாங்களே, அவங்க எனக்கு என்ன போடுவாங்கன்னு கேட்டுட்டு வாங்க. எல்லாம் என்னோட ஒரு விரலு செஞ்ச வேலை. நாலு மாசம் ஒருத்தி சும்மாக் கெடந்திருக்குறா." பிறகு வெண்ணியின் பக்கம் திரும்பினாள். "எங்க மாமியா போய்ச் சேந்தாங்க. அந்த டம்ளர் என் கைக்கு வந்துருச்சு. எப்ப வந்துச்சுன்னே எனக்குத் தெரியல பாரு. இப்ப உன்னக் கேக்கறேன். இந்தச் சோடி உனக்கு வந்தா எதத் தொடுவே? ஒன்றே, கேலி, வேறு. ஒம்பது செகண்டு."

ஒன்பது வினாடி அவ்வளவு நீளம் என்று வெண்ணிக்கு அதுவரை தெரியாது. முதல் மூன்றில் 'கேலி' என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது, மரியாதையான பொய். அடுத்த மூன்றில், போர்வைகளும் டம்ளர்களும் வரிசையாக வந்து 'ஒன்றே' என்றன. ஆனால் காய்ச்சல் வந்த ராத்திரிகளில் நெற்றியில் இருந்த கையும் இதே கைதான். அதைச் சேர்த்தால் 'ஒன்றே' பொய்யாகிவிடும். எட்டாவது வினாடியில் அவள் கைப்பையைத் திறந்து சாவியை எடுத்தாள்.

"தனியா வீடு பாத்திருக்கறோம் அத்தை."

நிவேதா சாவியைப் பார்த்தாள். அழவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. தீபனின் கணக்கு இரண்டிலும் தப்பு. விறுவிறுவென்று வாசலைப் பார்த்து நடந்தாள்.

வாசலில் கதவு மூடியிருந்தது.

"சொல்லிட்டுப் போங்க" என்றது மேலேயிருந்த அத்தை.

"போறோம்" என்றாள் நிவேதா.

கதவு அசையவில்லை. "போயிட்டு…?" என்று எடுத்துக்கொடுத்தது.

"போறோம்."

"சொல்லீருங்கம்மா" என்று செங்கோடன் கெஞ்சினார். "சும்மா வாய் வார்த்தைதானுங்."

"வாய் வார்த்தையில வந்த வெனைதானே இது பூராவும்?" நிவேதா கதவைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டாள். "நீங்க ரெண்டு பேரும் எப்படி வெண்ணி? 'போறோம்'னு போவீங்களா, 'போயிட்டு வர்றோம்'னு போவீங்களா?"

அவள் முதுகைத்தான் வெண்ணியால் பார்க்க முடிந்தது. எழுபது வயது முதுகு. ரவிக்கை தோளில் கொஞ்சம் தளர்ந்திருந்தது. ஏழு மாதக் கல்யாணப் பெண்ணாக ஒருகாலத்தில் மாடிப்படி ஏறிய முதுகு. வர்றோம் என்று சொன்னால் தங்கப்பொன்னு சொன்னதுபோல வரவேண்டும். வரலாம், வராமலும் போகலாம். தீபன் அரை மணிக்கொருக்கா காலு வலிக்குதும்பான். பொய்யில்லாத சொல் ஒன்றே ஒன்றுதான் வெண்ணியிடம் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லிப் பல வருஷமாகியிருந்தது.

"நாங்க வர்றது இருக்கட்டும் அத்தை" என்றாள் உரக்க. "நீங்க எங்க வீட்டுக்கு வாங்க."

கதவு பட்டென்று திறந்தது.

நிவேதா திரும்பினாள். அவள் முகத்தில், விருந்துக்குக் கூப்பிடப்பட்டவர்களுக்கு வருகிற ஒரு சின்ன மிடுக்கு வந்திருந்தது. "எப்ப?" என்றாள்.

"வளர்பிறையில. பால் காய்ச்சற அன்னிக்கி."

"சரி."

அந்தச் 'சரி' இரண்டு குரலில் வந்தது. வெண்ணி ஒன்றைத்தான் கவனித்தாள். பொருள் மாறியிருக்கிறதா என்று பார்ப்பதிலேயே அவள் கவனம் முழுக்கப் போய்விட்டது.

வளர்பிறை முகூர்த்தத்தில் புது வீட்டில் பால் காய்ச்சினார்கள். நிவேதா வாழைப்பழச் சீப்போடு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். மேடையில் வெண்ணி கழுவிக் கவிழ்த்த டம்ளர்கள் நாலு இருந்தன. நிவேதாவின் விரல் ஒருதரம் துடித்தது. அதன்மேல் இன்னொரு கையை வைத்து அமுக்கிக்கொண்டாள். வெண்ணி அதைப் பார்த்தும் பார்க்காததுபோல அடுப்பைப் பற்றவைத்தாள்.

"தீயக் கொற கண்ணு" என்றது அடுப்பு. "பொங்கறதுக்கும் வழியறதுக்கும் வித்தியாசம் தெரியாதா?"

தீபன் குனிந்து அடுப்பைப் பார்த்தான்.

"நாந்தான்" என்றது அடுப்பு, கொஞ்சம் கூச்சத்தோடு. "வரச் சொன்னியே. டிக்கெட்ல விலாசம் இருந்துச்சு. இப்ப நான் ரிட்டையர்டு பாரு, லீவு கேக்கவேண்டியதில்ல. மாப்பிள்ளை, என்னுங் நின்னுட்டே இருக்கறீங்? உக்காருங்க. ஒருவாய் காபி குடிக்கறீங்ளா?"

தீபன் உட்கார்ந்தான். பிறந்ததிலிருந்து இந்த மாதிரி ஒரு குரலுக்காகத்தான் காத்திருந்தவன்போல அவன் முகம் கனிந்தது. இரண்டு பெண்களும் சேர்ந்து பார்த்த பார்வையில் மறுபடி எழுந்து நின்றான்.

நிவேதா எழுந்து அடுப்புக்கு முன்னால் போனாள். "உன்னய ஆரு கூப்ட்டா? அவ என்னயல்ல கூப்ட்டா?"

"அத்தைன்னுதானே கூப்ட்டா?" என்றது அது.

பால் மெல்ல ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

"தப்பா வந்துட்டனா?" அடுப்பின் குரல் இறங்கியது. "இது மாமியார் வீடு இல்லியா? ஜெயிலும் இல்ல. பின்ன இது எந்தக் கணக்கு? நீதான் அன்னிக்கும் குறிச்சுக் குடுத்தே. இதையும் குறிச்சுக் குடு."

நிவேதா வெண்ணியைப் பார்த்தாள். நாலு டம்ளரைப் பார்த்தாள். இந்தமுறை அவளுக்கு ஒன்பது வினாடி தேவைப்படவில்லை.

"வேறு" என்றாள்.

"வேறு" என்று அது திருப்பிச் சொல்லிக் குறித்துக்கொண்டது. "அப்ப இங்க நான் ஆரு?" என்று கேட்டது.

"விருந்தாளி. நானும் அதுதான்." நிவேதா திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "பேசாம இரு. அவ பால அவ காச்சட்டும்."